அடுத்த மாதம் எந்தப் புத்தகம்?

எங்கள் வாசிப்புக் குழுவில் புத்தகம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. இரங்கூன், பெகு, தட்டோன், மௌல்மீன் என்று இங்கே பர்மாவில் உள்ள ஊர்களிலிருந்தும், இங்கிருந்து போய்த் தமிழ்நாட்டிலும் சிங்கப்பூரிலும் தங்கிவிட்ட குடும்பங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். வாரம் ஒரு நாள் இணையத்தில் கூடுகிறோம். பர்மா நேரம் இந்தியாவுக்கு ஒரு மணி நேரம் முன்னால், சிங்கப்பூருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். இங்கே இரவு எட்டு என்றால் சென்னையில் ஏழு, சிங்கப்பூரில் ஒன்பதரை. அதை ஒரே பேச்சில் முடிவு செய்துவிட்டோம். எந்தப் புத்தகம் என்ற பேச்சு மட்டும் இன்றுவரை முடியவில்லை. முடியவும் வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன்.

நல்ல புத்தகம் எது என்பதற்கு எத்தனையோ பட்டியல்கள் இருக்கின்றன. தமிழின் சிறந்த நாவல்கள், படித்தே தீர வேண்டிய சிறுகதைகள் என்று பலர் அக்கறையோடு தொகுத்து வைத்திருக்கிறார்கள். அவற்றை மதிக்கிறேன், பயன்படுத்தவும் செய்கிறேன். ஆனால் ஒருவர் தனியே உட்கார்ந்து படிக்க நல்ல புத்தகமும் பத்துப் பதினைந்து பேர் கூடிப் பேச நல்ல புத்தகமும் பல நேரம் ஒன்றாக இருப்பதில்லை. நான் உயிராக நேசிக்கும் சில நாவல்களைக் குழுவுக்குக் கொண்டுவரவே மாட்டேன். படித்து முடித்ததும் வாயடைத்துப் போகச் செய்பவை அவை. குழுவுக்கு வேண்டியது, மிக மெதுவாகப் படிக்கிறவருக்கும் பேச ஏதாவது ஒன்றை விட்டுவைக்கிற புத்தகம். என் தேர்வெல்லாம் இந்த ஒரு யோசனையைச் சுற்றித்தான்.

மெதுவாகப் படிக்கிறவர் என்று ஏன் சொல்கிறேன் என்றால், இங்கே தமிழ் பேசுகிற எல்லாருக்கும் தமிழ் படிக்க வராது. அதற்கு அவர்கள் காரணம் இல்லை. 1962-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 1963, 1964-இல் கடைகளும் கம்பெனிகளும் அரசுடைமை ஆயின. பிழைப்பு போன இந்தியர்கள் கப்பல் ஏறினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் போனவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்று மதிப்பிடுகிறார்கள். 1965-இல் தனியார் பள்ளிக்கூடங்களையும் அரசு எடுத்துக்கொண்டது. தமிழில் பாடம் நடந்த பள்ளிக்கூடங்களின் கதை அத்தோடு முடிந்தது. பிறகு தமிழ் எழுத்து உயிரோடு இருந்ததெல்லாம் கோயில் வளாகங்களில்தான். மாலை நேரத்திலும் ஞாயிற்றுக்கிழமையிலும், சம்பளம் என்று ஒன்றும் பெரிதாக இல்லாமல், யாரோ ஒரு வாத்தியார் மண்டபத் தூணடியில் பலகையை வைத்து அ, ஆ எழுதிக் கொடுத்தார். நானும் அப்படிப் படித்தவள்தான்.

ஆகவே எங்கள் குழுவில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அத்தை, பள்ளிக்கூடங்கள் மூடப்படுவதற்கு முன்னால் படித்த தமிழில், செய்யுளைக்கூடத் தடுமாறாமல் படிப்பார். அவருடைய பேத்திக்கு வீட்டில் பேசுவது தமிழ், படிப்பது எல்லாம் பர்மியம். தமிழ் எழுத்துகளை அவள் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள். அவள் புத்திசாலி, பர்மிய நாவல்களை ஒரே இரவில் முடிக்கிறவள். சென்னையிலிருந்து சேருகிற அண்ணனோ வாரம் ஒரு நாவல் படிக்கிறார். மூன்று பேருக்கும் ஒரே புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேகமாகப் படிக்கிற அண்ணனைக் கணக்கில் வைத்துத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பெண் அடுத்த வாரம் வரமாட்டாள். அவளை மட்டும் நினைத்துப் பாலர் பாடம் மாதிரி ஒன்றை எடுத்தால் அவளுக்கே அது அவமானமாக இருக்கும்.

இதற்கு நாங்கள் கண்ட வழி, உரக்க வாசிப்பது. படித்துவிட்டு வந்து பேசுவது என்ற ஏற்பாட்டை விட்டுவிட்டோம். கூடுகிற நேரத்திலேயே ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். முன்கூட்டிப் படித்துவிட்டு வருகிறவர்கள் வரலாம். படிக்காமல் வந்தால் யாருக்கும் கூச்சம் இல்லை. எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களும் சேர்ந்தார்கள். மௌல்மீனில் கடை வைத்திருக்கும் ஓர் அக்கா கையெழுத்து மட்டும்தான் தமிழில் போடுவார். கதையில் ஒரு பாத்திரம் பொய் சொன்னால் எங்கள் எல்லாருக்கும் முன்னால் அதைக் கண்டுபிடிப்பவர் அவர்தான். "அவன் பேச்சு சரியில்ல, பாருங்க" என்பார். பத்துப் பக்கம் தள்ளி அது உண்மையாகும்.

உரக்க வாசிப்பது என்று முடிவான பிறகு தேர்வு முழுதும் மாறிவிட்டது. ஜூமில் இலவசக் கணக்குக்கு நாற்பது நிமிடம்தான். பணம் கட்டி நேரத்தைக் கூட்டலாம் என்று சிங்கப்பூர்க்காரர்கள் சொன்னார்கள். ஆனால் அந்த நாற்பது நிமிடம் எங்களுக்கு வசதியாகவே அமைந்துவிட்டது. தமிழ் உரைநடையை நிதானமாக, கேட்கிறவர் பின்தொடரும்படி வாசித்தால் நிமிடத்துக்கு நூறு சொல் போகலாம். நாற்பது நிமிடத்தில் நாலாயிரம் சொல். நடுவில் ஒருவருக்குக் கரண்டு போகும், ஒருவருக்கு லைன் அறுந்து மறுபடி வருவார், "எங்க விட்டீங்க?" என்பார். அதையெல்லாம் கழித்தால் மூவாயிரத்து ஐந்நூறு. ஆக ஒரே கூட்டத்தில் முடிகிற கதை என்றால் அந்த அளவுக்குள் இருக்க வேண்டும். நேரம் தீர்ந்து அழைப்பு அறுந்ததும் எல்லாரும் ஒரு டீ போட்டுக்கொண்டு இரண்டாவது அழைப்பில் வருவோம். அது பேசுவதற்கு மட்டும்.

சிறுகதை என்ற வடிவமே எங்களைப் போன்றவர்களுக்காக வந்ததோ என்று சில நாள் தோன்றும். மின்வெட்டு இருக்கும் ஊரில் தொடர்ந்து எட்டு வாரம் எல்லாரும் வருவார்கள் என்று நம்பித் தொடங்க முடியாது. சிறுகதை அன்றைக்கு வந்தவர்களுக்கு அன்றைக்கே முழுதாகக் கிடைக்கிறது. போன வாரம் வராதவருக்கு எதுவும் விட்டுப்போவதில்லை. நாவல் எடுத்தால் மழைக்காலத்தில் எடுக்கிறோம். மழைக்காலத்தில் வயல் வேலை உள்ள ஊர்க்காரர்களுக்கு நேரம் இருக்காதே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அவர்களே சொன்னது: நாற்று நட்டுவிட்டு வீட்டில் அடைந்து கிடக்கும் இரவுகளில் தொடர்கதைதான் நன்றாக இருக்கும், அடுத்தது என்ன என்று காத்திருக்கலாம்.

புத்தகத்தைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் அதிலிருந்து ஒரு பக்கத்தை நான் உரக்க வாசித்துப் பார்ப்பேன். முதல் பக்கத்தை அல்ல. எந்த எழுத்தாளரும் முதல் பக்கத்தைக் கவனமாகச் செதுக்கியிருப்பார். நடுவில் எங்காவது பிரித்து வாசிப்பேன். மூச்சு எங்கே முட்டுகிறது, யார் பேசுகிறார் என்று காதுக்குத் தெரிகிறதா, ஒரு வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகிறதா என்று பார்ப்பேன். கண்ணுக்கு அழகாக இருக்கும் சில நடைகள் வாய்க்கு ஒத்துவருவதில்லை. படிக்கக் கடினம் என்று பெயர் வாங்கிய சிலருடைய எழுத்து, வாய்விட்டுப் படித்தால் இளகிவிடும். புதுமைப்பித்தன் அப்படி. 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை நாங்கள் வாசித்தபோது, சென்னையின் பிராட்வேயும் எஸ்பிளனேடும் எங்கே இருக்கின்றன என்று தெரியாத பிள்ளைகள்கூட, கடவுளிடம் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா கேட்கும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திருநெல்வேலிப் பேச்சு எங்களில் பலருக்குப் புதிது. ஆனால் அது காதில் விழும்போது புரிந்துவிடுகிறது. அச்சில் பார்த்தால் மிரள்கிற வட்டார வழக்கு, வாயில் வந்தால் பாட்டி பேச்சுதான்.

பொன்னியின் செல்வனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திரைப்படம் 2022-இல் வந்ததிலிருந்து அதை எடுக்கச் சொல்லிக் கேட்காத மாதம் இல்லை. கல்கியின் எழுத்து உரக்க வாசிக்கப் பிறந்தது. ஒவ்வொரு அத்தியாயமும் காத்திருக்க வைத்து முடியும். ஆனால் ஐந்து பாகம், 293 அத்தியாயம். கூட்டத்துக்கு இரண்டு அத்தியாயம் என்று போனாலும் மூன்று ஆண்டு ஓடிவிடும். அந்த மூன்று ஆண்டில் வேறு எந்தக் குரலும் எங்கள் காதில் விழாது. அதனால் குழுவின் வழக்கமான நாளில் அதை எடுக்கவில்லை. விரும்புகிற சிலர் தனியாக வேறொரு நாளில் வாசிக்கிறார்கள், நன்றாகவே போகிறது. புதிதாகத் தமிழ் படிக்கிறவர்களுக்கு அதைப் போல ஆசையைத் தூண்டும் புத்தகம் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்தது, கிடைப்பது. இரங்கூனில் தமிழ்ப் புத்தகக் கடை என்று தேடிப் போக ஓரிடம் இல்லை. யாராவது சென்னை போய்வந்தால் பெட்டியில் நாலு புத்தகம் வரும். கோயில் அலமாரியில் கரையான் தின்றது போக மிச்சம் கொஞ்சம் இருக்கும். ஒரே நேரத்தில் எல்லார் கையிலும் ஒரே புத்தகம் இருக்க வேண்டுமென்றால் கைப்பேசிதான். அங்கேதான் தமிழ்நாட்டு அரசின் ஒரு நல்ல வழக்கம் எங்களுக்கு உதவுகிறது. 1949-இல் பாரதியின் எழுத்துகளை நாட்டுடைமை ஆக்கியதில் தொடங்கி, எத்தனையோ எழுத்தாளர்களின் நூல்களை, குடும்பத்துக்குத் தொகை கொடுத்து, எல்லாருக்கும் பொதுவாக்கியிருக்கிறார்கள். கல்கி, புதுமைப்பித்தன் எல்லாரும் அதில் உண்டு. தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்த நூல்களும் இருக்கின்றன. யாரென்று முகம் தெரியாத அந்தத் தட்டச்சுக்காரர்களுக்கு எங்கள் குழு பட்டிருக்கும் கடன் பெரிது.

இதில் அனுபவத்தால் கற்ற ஒன்று: தட்டச்சு செய்த நூலும் பக்கங்களைப் படமெடுத்த நூலும் ஒன்றல்ல. படமாக இருக்கும் பக்கத்தைச் சின்னத் திரையில் பெரிதாக்கினால் வரி திரையை விட்டு ஓடிவிடும். வயதானவர்கள் வலப்பக்கமும் இடப்பக்கமும் தள்ளித் தள்ளிப் படித்து, மூன்றாம் வரியில் களைத்துப்போவார்கள். கோப்பும் பெரிது, இணையத்துக்குச் செலவாகும் காசும் அதிகம். தட்டச்சு நூலில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரி மடங்கிக்கொள்ளும். எனவே இரண்டு நல்ல கதைகளில் ஒன்று எழுத்தாகவும் ஒன்று படமாகவும் கிடைத்தால், நான் முதலாவதைத்தான் எடுப்பேன். இலக்கியத் தரத்தைக் கோப்பின் வகை முடிவு செய்வதா என்று சென்னை அண்ணன் வருத்தப்பட்டார். எழுபது வயதுக் கண்ணுக்கு எது எட்டுகிறதோ அதுவும் தரத்தில் சேரும் என்பது என் கட்சி.

உயிரோடு இருக்கும் எழுத்தாளர்களின் புத்தகங்களைத் திருட்டுப் பிரதியில் வாசிப்பதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறோம். சில புத்தகங்கள் அதனால் தள்ளிப்போகின்றன. காத்திருக்கிறோம். யாராவது ஒரு பிரதி வாங்கி வந்தால், வாங்கியவர் வாசிக்க, நாங்கள் கேட்போம். எழுதியவருக்குச் சேர வேண்டிய காசு ஒரு பிரதிக்காவது சேர்ந்தது என்ற நிம்மதி இருக்கும்.

சரி, இனி என் மனத்தை அதிகம் அலைக்கழிப்பதற்கு வருகிறேன். பர்மாவைப் பற்றிய புத்தகம் வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். கேட்கத்தான் செய்வார்கள். நம் தெரு, நம் ஆறு, நாம் சாப்பிடுவது ஒரு தமிழ்ப் பக்கத்தில் வந்தால் வருகிற சந்தோஷமே வேறு. வெ. சாமிநாத சர்மா எழுதிய பர்மா நடைப்பயண நூலை எடுத்தோம். இரங்கூனில் இருந்து 'ஜோதி' பத்திரிகையை நடத்தியவர் அவர். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி இரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது. அடுத்த சில மாதங்களில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அரக்கான் வழியாகவும் தமு, மணிப்பூர் வழியாகவும் நடந்தே இந்தியா போனார்கள். பல்லாயிரம் பேர் வழியிலேயே காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். சர்மாவும் அந்த 1942-இல் நடந்தவர். அவர் வீட்டைப் பூட்டிப் புறப்படும் பகுதியை வாசித்து முடித்தபோது பெகுவிலிருந்து ஒரு பெரியவர் பேசினார். அவர் வீட்டிலும் கிளம்பினார்களாம், பிரோம் வரை போனார்களாம். அங்கே கண்ட கோலத்தைப் பார்த்துவிட்டு, செத்தாலும் வயல் இருக்கும் ஊரிலேயே சாவோம் என்று அவருடைய தாத்தா குடும்பத்தைத் திருப்பிக் கூட்டிவந்துவிட்டார். "திரும்பி வந்தவங்களப் பத்தி யாராச்சும் எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு பர்மாவைப் பற்றிய தமிழ் நூல்களை நான் வேறு விதமாகப் பார்க்கத் தொடங்கினேன். என் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை, இங்கிருந்து போனவர்கள் எழுதியவை. நடந்து போனவர் எழுதினார், கப்பலில் போனவர் எழுதினார், போனவரின் பிள்ளைகள் கேட்ட கதையை எழுதினார்கள். அவர்களுக்குப் பர்மா என்பது இழந்த வீடு. புத்தகம் எல்லையைத் தாண்டியதும், அல்லது கப்பல் சென்னையில் கரை சேர்ந்ததும் முடிகிறது. எங்கள் வாழ்க்கை அதற்கு அடுத்த பக்கத்தில் தொடங்குகிறது. போனவர்கள் எழுதியதில் ஒரு பிழையும் சொல்ல மாட்டேன். அவர்கள் பட்டது சாதாரணத் துயரமில்லை. ஆனால் அந்த நூல்களை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தால், எங்கள் பிள்ளைகளுக்கு நாம் ஏதோ மிச்சம் விழுந்த ஆட்கள் என்ற நினைப்பு வந்துவிடும். சென்னையிலிருந்து பேசுகிறவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள், "நீங்கள் ஏன் அப்போதே வரவில்லை?" என்று. இங்கே பிறந்து, இங்கே பயிர் செய்து, இங்கேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று படும்.

அதனால் பர்மா நூல்களை இப்போது தனியே எடுப்பதில்லை. அதோடு வேறு ஒன்றைச் சேர்த்து எடுக்கிறோம். நாவலாசிரியர் ஹெப்சிபா ஜேசுதாசன் பர்மாவில் பிறந்தவர். அவருடைய 'மா-னீ' பர்மாவைக் களமாகக் கொண்டது. அதை எடுக்கும்போது, 1964-இல் வெளிவந்த அவருடைய 'புத்தம் வீடு' நாவலையும் சேர்த்துப் பேசினோம். பனையேறிகளின் ஊரை எழுதிய அதே கை பர்மாவை எப்படி எழுதுகிறது என்று பார்க்க முடிந்தது. 'புத்தம் வீடு' எங்களுக்கு மிகவும் ஒத்துவந்தது. கதையின் நாயகி லிஸியை வீட்டுக்குள் அடைத்து வைப்பது சரிதான் என்று வாதாட ஒருவரும், அது கொடுமை என்று சொல்ல மூன்று பேரும் இருந்தார்கள். மௌல்மீன் அக்கா இரு தரப்பையும் நிறுத்தி, "அடைச்சு வச்சவங்களுக்கும் வேற வழி தெரியல" என்று சொன்னதிலிருந்து பேச்சு வேறு பக்கம் போனது. கூடி வாசிக்க ஏற்ற புத்தகம் இப்படித்தான் இருக்கும். அதில் யார் பக்கம் நியாயம் என்பதை ஆசிரியர் பூட்டி வைத்திருக்க மாட்டார்.

எங்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத கதையில் எங்கள் கதை வருவதும் உண்டு. புதுமைப்பித்தனின் 'துன்பக் கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்துப் போவதைச் சொல்லும் நெடுங்கதை. நாற்பது நிமிடத்துக்குள் அடங்காது. பல கூட்டங்களுக்குப் பிரித்து வாசித்தோம். ஆசை காட்டிக் கூட்டிப் போகிற பகுதி வந்ததும் தட்டோன்காரர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆள் பிடித்துப் போகிறவர் இலங்கையிலும் மலாயாவிலும் கங்காணி, பர்மாவுக்கு மேஸ்திரி. ஊரில் முன்பணம் கொடுத்துக் கப்பலேற்றி, இங்கே அரிசி ஆலையிலும் துறைமுகத்திலும் வயலிலும் விட்டு, கூலியிலிருந்து பிடித்துக்கொள்வார்கள். அந்த முன்பணம் தீர எத்தனை ஆண்டு ஆனது என்று தாத்தாக்கள் சொன்னதை ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எழுதப்பட்ட ஊர் வேறாக இருந்ததால்தான் அவ்வளவு தாராளமாகப் பேச முடிந்தது என்று எனக்குப் படுகிறது. நேரே நம் காயத்தைத் தொடுகிற புத்தகத்தைவிட, பக்கத்து வீட்டுக் காயத்தைச் சொல்கிற புத்தகம் சில நேரம் அதிகம் பேச வைக்கும்.

மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலையும் இந்தக் காரணத்துக்காகவே பட்டியலில் வைத்திருக்கிறேன். ஜப்பான் ராணுவம் 1942, 1943-இல் போட்ட அந்த ரயில் பாதை 415 கிலோமீட்டர். சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில் தொடங்கி, மௌல்மீனுக்குத் தெற்கே இருக்கும் தன்பியூசயாட்டில் முடிகிறது. தன்பியூசயாட்டில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் உண்டு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள், வரிசை பிசகாமல், புல் வெட்டி, பெயர் பொறித்து இருக்கின்றன. பாதை போடும்போது செத்த ஆசியக் கூலிகள் 80,000 முதல் 1,00,000 பேர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள் அதில் ஏராளம். அவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடையாது. எங்கள் மௌல்மீன்காரர்கள் சின்ன வயதிலிருந்து அந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள். அங்கே நம் ஆட்கள் செத்ததைக் கேள்விப்படாதவர்களும் அவர்களுள் இருக்கிறார்கள். இந்த நாவலை அவர்களில் ஒருவர்தான் வாசிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறேன்.

பர்மியப் புத்தகங்களுக்கு இடம் உண்டா என்ற பேச்சு வந்தபோது பெரியவர்கள் சிலர் தயங்கினார்கள். தமிழ் வாசிக்கத்தானே கூடுகிறோம் என்றார்கள். நான் அந்தப் பேத்தியின் பக்கம் நின்றேன். அவளுக்குத் தெரிந்ததை ஒரு முறையாவது அவள் எங்களுக்குத் தரட்டும் என்று கேட்டேன். பர்மிய எழுத்தாளர் ஜர்னல்ஜோ மமலே 1955-இல் எழுதிய நாவல் ஒன்றை அவள் எடுத்தாள். 'வெறுப்பினால் அல்ல' என்று தமிழில் சொல்லலாம். நெல் வியாபாரம் பார்க்கும் ஒருவரின் மகள் வே வே, வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலை பார்க்கும், உடையிலும் உணவிலும் துரையாகவே மாறிவிட்ட ஒரு பர்மியரைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அவன் அவளை மிகவும் நேசிக்கிறான். அந்த நேசமே அவளைச் சிறுகச் சிறுகச் சாகடிக்கிறது. பேத்தி புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பர்மியத்தில் ஒரு பத்தி படிப்பாள், உடனே தமிழில் சொல்வாள். தமிழ்ச் சொல் வராத இடத்தில் பாட்டி எடுத்துக் கொடுப்பார். எழுத்துக் கூட்டித் திணறிய பெண், தமிழில் முழு நாவலைச் சொல்லி முடித்தாள்.

அந்தக் கதையில் நெல் வியாபாரம் வந்ததால் இன்னொரு பேச்சும் வந்தது. இளைஞர்கள் கேட்டார்கள், பர்மிய வரலாற்றுப் பேச்சில் செட்டி என்றாலே நிலத்தைப் பிடுங்கியவர் என்று வருகிறதே, அது உண்மையா என்று. பதில் எளிதில்லை. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930-இல் வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்தது பயிர் நிலத்தில் 6 விழுக்காடு. 1938-இல் அது 25 விழுக்காடு. 1930-க்குப் பிறகு நெல் விலை சரிந்து, கடன் திரும்பாமல், நிலம் கைமாறியது. கடன் கொடுத்தவர்களும் தமிழர், அதே வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்களும் தமிழர். எங்கள் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வகையின் பேரப்பிள்ளைகள். இதையெல்லாம் ஒரு பர்மியப் பெண் எழுதிய காதல் கதை பேச வைத்தது. தமிழ் நூல் ஒன்றை எடுத்திருந்தால் நாங்கள் நம்மவரை விட்டுக்கொடுக்காமல் பேசிக் கலைந்திருப்போம்.

ஒன்றை மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுக்குள் இருப்பவர்கள் இப்போது எதையும் எங்கும் பேசிவிட முடியாது. 2021 பிப்ரவரியில் பேஸ்புக்கை முடக்கியதிலிருந்து எங்கள் தொடர்பே பல வழி மாறி வந்திருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் நண்பர்கள் சில புத்தகங்களைச் சொல்லும்போது நான் வேண்டாம் என்பேன். பேசி முடித்துவிட்டு அவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். எங்கள் ஆட்களுக்கு அப்படி இருக்காது. புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கிறவருக்கு அந்தப் பொறுப்பும் உண்டு.

யார் தேர்ந்தெடுப்பது என்பதிலும் எனக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. ஓட்டெடுப்பு எனக்குப் பிடிக்காது. பெயர் கேள்விப்பட்ட புத்தகத்துக்குத்தான் ஓட்டு விழும். யாரும் கேள்விப்படாத நல்ல கதை தோற்றுப்போகும். அதைவிட, முன்மொழிகிறவர் அந்தப் புத்தகத்தை முழுதும் படித்திருக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனை போதும். "நல்லா இருக்கும்னு சொன்னாங்க" என்பதை நான் ஏற்பதில்லை. உங்களுக்கு அதில் எது பிடித்தது, எங்கே கோபம் வந்தது என்று சொல்லுங்கள், ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள் என்பேன். வாசிக்கும்போதே தெரிந்துவிடும். அவர் குரல் சூடேறினால் மற்றவர்களும் நிமிர்ந்து உட்காருவார்கள். வேண்டாம் என்று ஒருவர் மனம் நொந்து சொன்னால், காரணம் கேட்காமல் அந்தப் புத்தகத்தை ஒத்திவைக்கிறோம். சில துக்கங்களுக்குக் காரணம் கேட்கக்கூடாது.

பெகு பெரியவரின் கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. திரும்பி வந்தவர்களைப் பற்றிய புத்தகத்தை நான் தேடிக்கொண்டே இருக்கிறேன். கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று, மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டத்தை எழுதப்படாத புத்தகத்துக்கு ஒதுக்கியிருக்கிறோம். யாராவது ஒருவர் தம் வீட்டுக் கதையைச் சொல்வார், எழுதத் தெரிந்த ஒருவர் எழுதுவார், சொன்னவர் சொன்ன பேச்சிலேயே, திருத்தாமல். அடுத்த கூட்டத்தில் அதை மற்றக் கதைகளைப் போலவே உரக்க வாசிப்போம். அதற்கும் அதே அளவுதான், மூவாயிரத்து ஐந்நூறு சொல். பெகு பெரியவர் முதலில் மறுத்தார், இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரோமிலிருந்து தாத்தா வண்டியைத் திருப்பியதில் தொடங்குவாராம். எழுதப்போவது அந்தப் பேத்தி. தமிழ் எழுத்து இன்னும் தடுமாறுகிறதே என்று தயங்கினாள். பெரியவர் மெதுவாகத்தான் பேசுவார், பயப்படாதே என்று சொல்லியிருக்கிறேன்.